மஞ்சப்பையும் இயர்போனும்: நெய்வேலி வாசகர்களின் பயணக் கேள்விகள்

கோடை விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று வீடுகளில் பேச்சு தொடங்கிவிட்டது. சூழலைக் கெடுக்காமல் போய்வருவது எப்படி, பையில் எதை எடுத்துக்கொள்வது, வழியில் எந்தப் பாட்காஸ்ட்டைக் கேட்பது என்று நெய்வேலி நகரியத்திலிருந்தும் சுற்றுப்பகுதியிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: மே மாதம் குழந்தைகளோடு ஊட்டிக்குக் காரில் போகிறோம். மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, மரக்கரண்டி, மடக்குக் கோப்பை எல்லாம் சேர்த்து ‘பசுமைப் பயண செட்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாமா?
*இல்லத்தரசி, வட்டம் 18*

வேண்டாம் அம்மா. அந்த செட்டில் இருப்பதில் முக்கால்வாசி உங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பொருளைச் செய்யவும், அட்டைப் பெட்டியில் அடைத்து வீடுவரை கொண்டுவந்து சேர்க்கவும் ஆகும் செலவை எந்தப் பசுமை முத்திரையும் அழித்துவிடாது.

அதைவிடப் பெரிய விஷயம் உங்கள் முதல் வரியில் இருக்கிறது: கார். பயணத்தால் உண்டாகும் மாசில் பெரும்பங்கு ஏறிப் போகும் வண்டியால் வருவது. பையில் இருக்கும் பொருள்களின் பங்கு அதற்கு அருகில்கூட வராது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். நெய்வேலியிலிருந்து ஊட்டி ஏறக்குறைய 400 கிலோமீட்டர். போக வர 800. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் காரென்றால் 53 லிட்டர் பெட்ரோல், அதாவது 120 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. மலைப்பாதையில் ஏறும்போது இது இன்னும் கூடும்.

இனி பஸ் கணக்கு. டீசல் லிட்டருக்கு 2.7 கிலோ. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் பஸ் அதே 800 கிலோமீட்டருக்கு 160 லிட்டர் குடிக்கும். 40 பேர் உட்கார்ந்திருந்தால் தலைக்கு 11 கிலோ, உங்கள் குடும்பத்தில் நான்கு பேர் என்றால் 43 கிலோ. காரில் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். நீங்கள் ஒருவர் மட்டும் காரில் போவதாக இருந்தால் இந்த வித்தியாசம் பதினோரு மடங்கு. விருத்தாசலம் போய் ரயில் பிடித்து சேலம், கோவை வழியாக மேட்டுப்பாளையம் போகலாம். அங்கிருந்து ஊட்டிக்கு அரசுப் பேருந்து இருக்கிறது. 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வேண்டும். பேருந்தில் போகிறவர்களுக்கு அந்த வேலை இல்லை.

“அவ்வளவு நேரம் பஸ்ஸில் எப்படி உட்காருவது?” என்று குழந்தைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நீண்ட பயணத்தைச் சலிப்பில்லாமல் கடக்கக் கதை கேட்பதுபோல் ஒரு வழி இல்லை. கீழே பாட்காஸ்ட் பற்றி விரிவாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

கேள்வி: அப்படியானால் பையில் எதைத்தான் எடுத்து வைப்பது? ஒரு பட்டியல் கொடுங்கள்.
*வங்கி ஊழியர், வட்டம் 2*

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு பெரிய கூஜா. காலி ஆனதும் சாப்பிடும் ஓட்டலில் சுடுதண்ணீர் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். நீலகிரி மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் அங்கே போகிறவர்களுக்கு இது கட்டாயமே.

அடுத்து ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர். டீக்கடையில் கொடுக்கும் காகிதக் கப்பின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். கரக்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, அத்தகைய கப்பில் 100 மில்லி சூடான பானம் 15 நிமிடம் இருந்தாலே சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலந்துவிடுகின்றன. தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 வகைப் பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. தடை இருந்தும் அது புழக்கத்தில் இருக்கிறது. டம்ளரை நீட்டி “இதுல ஊத்துங்க” என்று சொல்ல யாரும் தயங்க வேண்டியதில்லை.

முதல் நாள் சாப்பாடு வீட்டிலிருந்தே போகட்டும். புளிச்சோறும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் ஒருநாள் தாங்கும். வாழை இலையில் கட்டினால் சாப்பிட்ட பிறகு மாட்டுக்குப் போடலாம். தயிர்சாதத்துக்கு டிபன் கேரியரின் ஓர் அடுக்கு போதும். பலாப்பழக் காலத்தில் பண்ருட்டிப் பலாச்சுளையை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டால் பிஸ்கட் பாக்கெட்டைத் தேட வேண்டியிருக்காது.

பைக்கு வருவோம். 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கிய பிறகு விழாவுக்கு விழா துணிப்பை கொடுக்கிறார்கள். அலமாரியில் இருபது பை மடிந்து கிடப்பதால் பயனில்லை. டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018இல் போட்ட கணக்குப்படி, ஒரு பருத்திப் பையை 52 முறையாவது திரும்பப் பயன்படுத்தினால்தான் காலநிலைப் பாதிப்பில் அது மெல்லிய பிளாஸ்டிக் பையோடு சரிக்குச் சரியாகும். அதற்குப் பிறகுதான் லாபம். அதனால் புதுப்பை வாங்காதீர்கள். பழைய வேட்டியிலோ புடவையிலோ தைத்த பை இரண்டு இருந்தால் போதும், கிழியும்வரை அவற்றையே கொண்டுபோங்கள்.

குளியல் சாமான்களில் சாஷே வேண்டாம். ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து ஏழை வீட்டுக்கும் கொண்டுபோகலாம் என்று காட்டிய முன்னோடி நம் கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன். எளிய மக்களுக்கு அது பெரிய வசதியாக இருந்தது. ஆனால் பல அடுக்குகள் ஒட்டிய அந்த உறையை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். அருவிக்கரையிலும் குளத்துப் படிக்கட்டிலும் இன்று குவிந்து கிடப்பவை அவைதான். வீட்டு ஷாம்பூவைச் சின்னக் குப்பியில் ஊற்றிக்கொள்ளுங்கள். சீயக்காய்த்தூள் ஒரு டப்பா, சோப்பு டப்பா, ஒரு பருத்தித் துண்டு. அருவி, குளம், ஆறு எதுவானாலும் சோப்பு போடாமல் குளியுங்கள்.

கடைசியாக, வழியில் சேரும் குப்பைக்கென்று ஒரு காலிப் பை. குப்பைத்தொட்டி இல்லாத இடங்களில் சேர்ந்ததை வீடுவரை கொண்டுவந்து நகரியத்தில் தரம் பிரித்துப் போடுங்கள். இந்தப் பட்டியலில் இது ஒன்றைத்தான் பலர் மறக்கிறார்கள்.

கேள்வி: கல்லூரிச் சுற்றுலா மாதவிடாய் நாட்களில் வந்துவிட்டால் நாப்கினை எங்கே போடுவது என்பதே பெரிய கவலை. துணிக்கோ கப்புக்கோ மாறலாமா?
*கல்லூரி மாணவி, மந்தாரக்குப்பம்*

தயங்காமல் கேட்டது நல்லது. கடையில் கிடைக்கும் நாப்கின்கள் பெரும்பாலானவற்றில் மேலுறையும் அடியுறையும் பிளாஸ்டிக். மண்ணில் அவை மக்காது, எரித்தாலும் நச்சுப்புகை. மாதவிடாய்க் கப் மருத்துவத் தர சிலிகானால் ஆனது. நன்றாகப் பராமரித்தால் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் வரும். பயணத்துக்கு இதைவிட வசதியானது இல்லை.

ஆனால் அதை முதன்முதலாகப் பயணத்தில் முயற்சி செய்யாதீர்கள். இரண்டு மூன்று மாதம் வீட்டில் பழகுங்கள். ஒவ்வொரு மாதமும் தொடங்கும்போதும் முடியும்போதும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். கையைச் சோப்பால் கழுவிய பிறகே தொட வேண்டும். வலியோ சந்தேகமோ இருந்தால் பெண் மருத்துவரிடம் கேளுங்கள். துணி நாப்கின் என்றால் துவைக்கத் தண்ணீரும் காய வெயிலும் தேவை. ஒரே இடத்தில் தங்கும் பயணத்துக்கு அது பொருந்தும். கடை நாப்கின்தான் பழக்கம் என்றால் குற்ற உணர்வு வேண்டாம். பழைய செய்தித்தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். கழிப்பறைக் குழியில் மட்டும் ஒருபோதும் போடாதீர்கள்.

கேள்வி: நம் ஊரே லிக்னைட்டை எரித்து வாழ்கிறது. இங்கே உட்கார்ந்துகொண்டு பசுமைப் பயணம் பேசுவதில் அர்த்தம் இருக்கிறதா? மின்சார ஸ்கூட்டர் வாங்க நினைக்கிறேன். அதுவும் லிக்னைட் மின்சாரம்தானே என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
*ஒப்பந்தத் தொழிலாளர், இந்திரா நகர்*

தம்பி, முழு அர்த்தம் இருக்கிறது. 1956இல் நெய்வேலி லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) நிறுவனம் தொடங்கியதிலிருந்து இந்த மண்ணின் உழைப்பில்தான் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் விளக்கு எரிந்தது. 1962இல் சோவியத் ஒத்துழைப்போடு இயங்கத் தொடங்கிய 600 மெகாவாட் முதல் அனல்மின் நிலையம் தன் காலம் முடிந்து 2020இல் நிறுத்தப்பட்டது. அதே நிறுவனத்திடம் இன்று 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்திறன் இருக்கிறது. ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் எதனால் உண்டாகிறது என்பதைச் சென்னையில் இருப்பவரைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். வீணாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் பின்னால் தோண்டிய மண் எவ்வளவு, இறைத்த நிலத்தடி நீர் எவ்வளவு என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் பேசினால்தான் பேச்சுக்கு மதிப்பு.

ஸ்கூட்டர் கணக்கைப் பார்ப்போம். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்குச் சுமார் 51 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும். மின்சார ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு 30 முதல் 35 வாட்-அவர் மின்சாரம் போதும். அந்த மின்சாரம் முழுக்க லிக்னைட்டிலிருந்தே வருகிறது என்று வைத்துக்கொண்டு யூனிட்டுக்கு 1.3 கிலோ என்று கணக்கிட்டால் 39 முதல் 46 கிராம். நாட்டின் சராசரி மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ என்றால் 21 முதல் 25 கிராம். ஆக மோசமான நிலையிலும் பெட்ரோலைவிடச் சற்றுக் குறைவு. சூரிய மின்சாரம் கூடக்கூட அதே மின்சார ஸ்கூட்டர் இன்னும் சுத்தமாக ஓடும். பெட்ரோல் வண்டிக்கு அந்த வாய்ப்பு கிடையாது. ஓட்டத்தில் இருக்கும் வண்டி நல்ல நிலையில் இருந்தால் அதன் ஆயுள் முடிந்தபின் மாற்றுங்கள். நகரியத்துக்குள் போய்வர, சமதரையும் மரநிழலும் உள்ள இந்தச் சாலைகளில் சைக்கிளை மிஞ்ச எதுவுமில்லை.

கேள்வி: ஓய்வு பெற்றுவிட்டேன். தூரப் பயணம் முடியாது. பஸ்ஸிலேயே காலையில் போய் மாலையில் திரும்பும்படி இடங்கள் சொல்லுங்கள்.
*முன்னாள் சுரங்க ஊழியர், வட்டம் 4*

ஐயா, உங்கள் கேள்வியில்தான் பசுமைப் பயணத்தின் சாரம் இருக்கிறது. பக்கத்தில் இருப்பதை முதலில் பார்ப்பதைவிடச் சிக்கனம் வேறில்லை.

பிச்சாவரத்தை முதலில் வைக்கிறேன். சிதம்பரம் போய் அங்கிருந்து டவுன் பஸ் ஏறலாம். சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு, 2022இல் ராம்சார் சதுப்புநிலப் பட்டியலில் இடம்பெற்றது. 2004 சுனாமியின்போது இந்தக் காட்டின் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த தில்லை மரத்தை இன்றும் இங்கே பார்க்கலாம். படகுத்துறையில் மோட்டார் படகும் துடுப்புப் படகும் உண்டு. துடுப்புப் படகையே கேளுங்கள். குறுகிய வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும். எண்ணெய் தண்ணீரில் கலக்காது, பறவைகளும் மிரண்டு ஓடாது. படகில் ஏறியதும் இயர்போனைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

வடலூர் கூப்பிடு தூரம்தான். வள்ளலார் 1867இல் சத்திய தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை பசித்தவர்களுக்கு உணவளிக்கிறது. 1872இல் அவர் எழுப்பிய சத்திய ஞானசபையும் அங்கேதான். தைப்பூசக் கூட்டத்தைத் தவிர்த்துச் சாதாரண நாளில் போனால் அமைதியாகப் பார்க்கலாம். உயிர்களிடம் இரக்கம் காட்டுவதையே வாழ்வாகக் கொண்டவரின் ஊருக்குப் பிளாஸ்டிக் கொண்டுபோகாமல் இருப்பது நாம் செய்யும் மரியாதை.

மூன்றாவது, சோழர் பாதை. சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோயில் வழியாகக் கும்பகோணம் போகும் பஸ் வீராணம் ஏரி இருக்கும் பகுதியைத் தாண்டித்தான் போகும். முதலாம் பராந்தகன் காலத்து ஏரி, நீளம் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். 2004 முதல் சென்னைக்கும் இதிலிருந்து குடிநீர் போகிறது. மீன்சுருட்டியில் இறங்கி மாறினால் கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் எழுப்பிய அந்தக் கோயில் 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது.

கேள்வி: பாட்காஸ்ட் கேளுங்கள் என்கிறீர்கள். எதைக் கேட்பது? தமிழில் தரமானவை உண்டா?
*பள்ளி ஆசிரியை, வட்டம் 10*

உண்டு. மேலே சொன்ன சோழர் பாதையிலிருந்தே தொடங்குகிறேன். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ வீராண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கு நாளில்தான் தொடங்குகிறது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்த தொடர்கதை என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்ததைக் கேட்கத் தூண்டும்படி முடியும். காதால் கேட்க இதைவிடப் பொருத்தமான நாவல் இல்லை. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனதால் பலரும் ஒலிவடிவில் தந்திருக்கிறார்கள். தீபிகா அருணின் ‘கதை ஓசை’ பாட்காஸ்ட்டில் தெளிவான உச்சரிப்போடு ஒற்றைக் குரலில் கேட்கலாம். பல நடிகர்களின் குரலோடு நாடகமாகக் கேட்க விரும்பினால் பாம்பே கண்ணன் தயாரித்த ஒலிநூல் இருக்கிறது. முதல் சில அத்தியாயங்களை நெய்வேலியில் பஸ் ஏறியதும் குழந்தைகளுக்குப் போட்டுவிடுங்கள். கதையில் வரும் ஏரி சன்னலுக்கு வெளியே இருக்கிறது என்று தெரிந்தபின் அவர்கள் போனில் விளையாட்டுக் கேட்க மாட்டார்கள்.

ஆண்டுதோறும் வட்டம் 11இல் நடக்கும் நம் புத்தகக் கண்காட்சியில் எழுத்தாளர் உரைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு ‘ஸ்ருதி டிவி’ பதிவுகள் பிடிக்கும். தமிழ்நாடு முழுவதும் நடக்கும் இலக்கியக் கூட்டங்களைப் பல ஆண்டுகளாகப் பொறுமையோடு பதிவு செய்து வருகிறார்கள். திரையைப் பார்க்காமல் உரையை மட்டும் கேட்டாலே போதும். ஊர் வரலாறு, கல்வெட்டு, நாட்டார் வழக்கில் நாட்டமிருந்தால் தமிழ் மரபு அறக்கட்டளையின் ‘மண்ணின் குரல்’ பதிவுகளைத் தேடுங்கள்.

ஆங்கிலம் புரியும் மாணவர்களுக்கு மூன்று சொல்கிறேன். இந்தியப் பயணங்களுக்கென்றே நடக்கும் ‘தி முசாஃபிர் ஸ்டோரீஸ்’ ஒவ்வொரு பகுதியிலும் ஓர் ஊரை அறிந்தவரோடு பேசுகிறது. போகுமுன் கேட்க ஏற்றது. அனிருத் கனிசெட்டியின் ‘எக்கோஸ் ஆஃப் இந்தியா’ பழங்கால வரலாற்றைக் கதைபோலச் சொல்கிறது. மூன்றாவதான ‘தி இந்தியா எனர்ஜி ஹவர்’ நெய்வேலிப் பிள்ளைகள் அவசியம் கேட்க வேண்டியது. நிலக்கரியை நம்பிய ஊர்களில் அடுத்த தலைமுறைக்கு வேலை எது, சூரிய மின்சாரம் வந்தால் தொழிலாளி நிலை என்ன என்பதையெல்லாம் துறை அறிந்தவர்களோடு விரிவாகப் பேசுகிறார்கள். வகுப்பில் ஒரு பகுதியைப் போட்டு மாணவர்களைத் தமிழில் பேசவிட்டுப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு சோதனை வையுங்கள். கேட்டு முடித்தபின் ஒரு புதிய செய்தியாவது மனத்தில் நிற்கிறதா? இறங்கும் ஊரை இன்னும் நன்றாகப் பார்க்கத் தூண்டுகிறதா? இரண்டும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தினமும் கடலூருக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். டேட்டாவும் சார்ஜும் சீக்கிரம் தீர்ந்துவிடுகின்றன. செலவில்லாமல் கேட்பது எப்படி?
*தனியார் நிறுவன ஊழியர், வட்டம் 21*

இரவில் வீட்டு வைஃபையில் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவுக்கு 30 முதல் 60 எம்.பி. போதும். அதே நேரத்துக்கு வீடியோ பார்த்தால் தெளிவைப் பொறுத்துப் பத்து மடங்கு முதல் பல பத்து மடங்கு வரை ஆகும். ஒலியை மட்டும் கேட்டுத் திரையை அணைத்து வைத்தால் பேட்டரியும் நெடுநேரம் நிற்கும். ஆண்ட்ராய்டு போனில் ‘ஆன்டெனாபாட்’ செயலி இலவசம். விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். ஆகாசவாணியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் தமிழ் நிலையங்களையும் கேட்கலாம்.

இயர்போன் வாங்கும்போது கம்பியுள்ளதையே வாங்குங்கள். கம்பியில்லா இயர்பட்டுக்குள் இருக்கும் குட்டி பேட்டரியைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. அது ஓய்ந்ததும் முழுப் பொருளும் மின்குப்பை. பவர் பேங்க் இருந்தால் போதும், சின்ன சோலார் சார்ஜர் வேண்டாம். ஒரு போனை முழுதாகச் சார்ஜ் செய்யச் சுமார் 20 வாட்-அவர்தான் ஆகும். அதைச் சேமிக்கப் புதிதாக ஒரு கருவி வாங்குவது நஷ்டம்.

காதையும் காத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்டாலும் ஒலி 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பஸ் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டாதீர்கள். காதில் நன்றாகப் பொருந்தும் இயர்போன் இருந்தால் குறைந்த ஒலியிலேயே கேட்கும். சாலையைக் கடக்கும்போதும் சைக்கிள் ஓட்டும்போதும் காதில் எதுவும் வேண்டாம். ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்க வைப்பதும் மாசுதான்.

எல்லாக் கேள்விகளுக்கும் சேர்த்து ஒரே வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த விடுமுறையில் பயணத்துக்கென்று புதிதாக எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் பாட்டில், டம்ளர், துணிப்பை மூன்றையும் எடுங்கள். முந்தின இரவே ஒரு நல்ல கதையைப் பதிவிறக்குங்கள். கார் சாவியை வீட்டில் வைத்துவிட்டு ஒருமுறையாவது குடும்பத்தோடு பஸ் ஏறுங்கள். எங்கே போனீர்கள், வழியில் என்ன கேட்டீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். நல்ல பாட்காஸ்ட் ஒன்றை நீங்கள் பரிந்துரைத்தால் அடுத்த இதழில் மற்ற வாசகர்களுக்கும் சொல்கிறேன்.